அடியாதை என்றுதான் கத்தினேன்

இஞ்சாருங்கோ,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி மகள் கேட்டாள். "குலவிளக்கு அணைந்தது" என்று எழுத ஊரிலே ஆட்கள் இருக்கிறார்கள், அதை அவர்கள் எழுதட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த தமிழில், நீங்கள் கேட்க விரும்புகிற செய்தியைத்தான் எழுதப் போகிறேன். அபியின் அணிக்குப் புதுப் பயிற்றுநர் ஒருவன் வந்திருக்கிறான். பெயர் ரூனே. ஆள் ஒரு பயந்தாங்கொள்ளி.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பேத்தி அபி இந்த ஒஸ்லோவிலே அமெரிக்கன் புட்போல் விளையாடுகிறாள். தலையிலே கவசம் போட்டு, முட்டை மாதிரியான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. பெண்களுக்கும் அணி இருக்கிறது. "பெம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையோ" என்று தமிழ்க் கடையிலே என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மரவள்ளிக் கிழங்கு என்ன விலை என்று கடைக்காரரைக் கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

குசினி மேசையிலே உப்புப் போத்தலையும் தேயிலைப் பேணியையும் வைத்து நீங்கள்தானே எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தீர்கள். மைதானம் நூறு யார் நீளம், சீலை அளக்கிற அதே யார்தான். பந்தோடு ஓடியோ, முன்னுக்கு நிற்கிற ஆளுக்கு எறிந்தோ போக நாலு தரம் விடுவார்கள். அதற்குள் பத்து யார் முன்னேறினால் இன்னும் நாலு தரம். முன்னேறாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே மற்றவர்களுக்குப் போய்விடும். அதற்குப் பயந்து, மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு, நாலாவது தரம் பந்தை அடித்து விடுவார்கள். உதைப்பதை நாங்கள் அடிப்பது என்றுதானே சொல்வோம். பந்தைக் கொடுத்தாலும் தூரத்திலே கொடுத்தோம் என்று ஒரு ஆறுதல்.

நீங்கள் அந்த ஆறுதலை நம்பவில்லை. "எங்கட எல்லைக்குக் கிட்ட நாங்கள் நிக்கேக்கை, அவையள் எல்லாரும் நெருக்க முன்னுக்கு வந்திடுவினம். அப்ப பின்னாலை வெறும் வளவு. அதுக்குள்ளைதான் எறியோணும்" என்று பேணியை நகர்த்திக் காட்டினீர்கள். எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. ரூனேக்குப் பல்கலைக்கழகம் போயும் விளங்கவில்லை.

அவன் கையிலே ஒரு அட்டை கட்டியிருக்கிறான். அதிலே மைதானம் மூன்று நிறமாய்க் கிடக்கிறது. எங்கள் எல்லையிலிருந்து நடுக்கோடு வரைக்கும் சிவப்பு. அதற்கு அப்பால் கொஞ்சம் மஞ்சள். மற்றவர்களின் எல்லைக்குக் கிட்டப் பச்சை. சிவப்பிலே நின்றால் எறியக்கூடாது. நடுவாலே மூன்று தரம் முட்டிவிட்டு, நாலாவது தரம் அடித்துவிட வேண்டும். ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்தப் பக்கம் முன்னுக்கு நிற்கிறது என்பதெல்லாம் அட்டைக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஒரு வாகனமும் வராத தெருவிலே சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிசர் இருக்கிறார்கள் அல்லவா? அந்த இனம்.

போன ஞாயிறு எங்கள் பகுதி மைதானத்திலே ஆட்டம். அபிக்கு இரண்டு வேலை. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவளும் அவள்தான், நாலாவது தரம் பின்னுக்கு நின்று அடிக்கிறவளும் அவள்தான். நான் குளிருக்கு உங்களுடைய பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன்.

முடிய மூன்று நிமிடம். நாங்கள் மூன்று புள்ளி பின்னுக்கு. நாலாவது தரம், போக வேண்டியது ஒரே ஒரு யார். என் கையை நீட்டினால் எட்டுகிற தூரம். ஆனால் நிற்பது சிவப்பிலே. ரூனே அட்டையைப் பார்த்தான். பிறகு காலைத் தூக்கிக் காட்டினான். அடிக்கட்டாம். மூன்று நிமிடத்திலே பந்தைக் கொடுத்தால் திரும்பி வருமா? கடன் வாங்கிய குடையே இந்த ஊரிலே திரும்பி வராது.

நான் எழும்பி நின்று, நெஞ்சிலே இருந்த மூச்செல்லாம் சேர்த்துக் கத்தினேன். "அடியாதை!"

அவள் அடித்தாள்.

என்ன அடி என்கிறீர்கள். பந்து மேலே போய், காற்றிலே கொஞ்சம் யோசித்து, மற்றக் கரையிலே விழுந்தது. சுற்றியிருந்த வெள்ளைக்காரர் எழும்பிக் கை தட்டினார்கள். கையிலிருந்த பந்தைத் தூக்கிக் கொடுத்ததற்குக் கை தட்டுகிற சனத்தை இங்கேதான் பார்த்தேன். மற்ற அணி பந்தை எடுத்து, ஒவ்வொரு அடியாய் நடந்து, நேரத்தைத் தின்று முடித்தது. எங்கள் பிள்ளைகளின் கைக்குப் பந்து திரும்பி வரவேயில்லை.

ரீ-பான் என்கிற நிலத்தடி ரெயிலிலே வீட்டுக்கு வரும்போது அபி பையின் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அடித்த அடியைப் பார்த்துவிட்டு ரூனே அவளிடம், இனிமேல் நீ அடித்தால் மட்டும் போதும், ஓட வேறு ஆளைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டானாம். ஓடத்தானே அவள் பிறந்தவள். "அந்த விசரன்ரை அட்டையைக் கிழிச்சுப் போடு" என்றேன்.

"அம்மம்மா, நான் அட்டையைப் பாக்கேல்லை" என்றாள். "இடது பக்கம் ஓட்டை இருந்தது. அடிக்கிற மாதிரிக் காட்டிப்போட்டு ஓடுவம் எண்டுதான் நிண்டனான்."

"பிறகு ஏனடி அடிச்சனீ?"

"நீங்கள்தானே 'அடி' எண்டு கத்தினனீங்கள். உங்கடை குரல் எனக்குத் தெரியாதோ?"

விளங்கியதா உங்களுக்கு? கவசத்துக்குள்ளே, காற்றுக்குள்ளே, என் சொல்லின் தலை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நொர்வேக்காரர் வேண்டாம் என்பதை முன்னுக்கு வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்வார்கள். அவள் காது அதற்குப் பழகினது. எங்கள் பாஷையிலே வேண்டாம் என்பது வாலிலே வருகிறது. வால் அறுந்தால் சொல் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். ரூனேயின் அட்டையை மீறத் துணிந்த பிள்ளை என் குரலை மீறவில்லை. அந்தப் பயந்தாங்கொள்ளியின் கட்டளையை நிறைவேற்றி வைத்தவள் நானேதான்.

அதற்குப் பிறகு இறங்குகிற வரைக்கும் நான் ஆட்டத்தை யோசிக்கவில்லை. உங்களைத்தான் யோசித்தேன். ஆஸ்பத்திரியிலே கடைசி நாள், உங்கள் காதுக் கருவியைத் தாதி கழற்றி மேசையிலே வைத்திருந்தா. நான் குனிந்து, "போகாதேங்கோ" என்று சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். எந்தச் சொல்லுக்குத் தலையை ஆட்டினீர்கள்? என் சொல்லிலே எவ்வளவு உங்களுக்குக் கேட்டது? கருவியை எடுத்து மாட்டிவிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

செவ்வாய்க்கிழமை பயிற்சி நேரம் பார்த்து, தனியாக பஸ் பிடித்து மைதானத்துக்குப் போனேன். பிழை என்று நான் ஒத்துக்கொண்டது நாற்பத்தாறு வருடத்திலே உங்களிடம்கூட இல்லை. அந்த ரூனேக்கு முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த நொறுங்கின நொர்வேஜியனில், பிழை என்னுடையது, பிள்ளை ஓடத்தான் நின்றாள், நான் கத்தினதை அவள் பிழையாகக் கேட்டுவிட்டாள், அவளுடைய ஓட்டத்தைப் பறிக்காதே என்று சொன்னேன்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? நான் கத்தித்தான் அவள் அடித்தாள் என்பது மட்டும் அவனுக்கு விளங்கியிருக்கிறது, என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அப்படியானால் அணியைக் காப்பாற்றினது பாட்டிதான், ஆட்டத்தை விளங்கின ஒரே ஆள் நீங்கள்தான் என்றான். தோற்றோமே என்றேன். மூன்றாலே மட்டும்தானே என்றான். தோற்றதையும் முழம் போட்டு அளந்து திருப்திப்படுகிற மனிசன். கன்னத்திலே அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

அபி கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, அவன் கையிலிருந்த பேனையைப் பிடுங்கி, அட்டையின் பின்பக்கத்திலே இடது பக்க ஓட்டையைக் கீறிக் காட்டினாள். மற்ற அணியில் எந்தப் பிள்ளை எங்கே நின்றாள், அடிக்கப் போகிறோம் என்று நினைத்து எவள் முன்கூட்டியே திரும்பி ஓடினாள், எல்லாம். ரூனே பார்த்தான். அவள் கீறின கோட்டின் மேலே ஒரு நிமிடம் விரலை ஓட்டினான். அவன் இந்த அணிக்குச் செய்த நல்ல காரியம் அந்த ஒரு நிமிடம்தான். வாற ஞாயிறு ஓடு, அடிக்கிறதும் நீதான், ஆனால் சிவப்பிலே நின்றால் அட்டைதான் என்றான். அட்டையை விட அவனுக்கு மனமில்லை.

திரும்பி வரும்போது அபியைக் கேட்டேன், சிவப்பிலே ஓட்டை வந்தால் என்ன செய்வாய் என்று.

"எனக்குக் கண் இருக்குத்தானே அம்மம்மா. நான் பாத்துக்கொள்ளுவன்" என்றாள். பிறகு என் முகத்துக்கு நேரே திரும்பி நின்று, ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னாள். "நீங்கள் மட்டும் கத்தாதேங்கோ."

எனக்கு முழுதாகக் கேட்டது.

இஞ்சாருங்கோ, உங்கள் மேல் சத்தியமாய்ச் சொல்கிறேன். ஞாயிறு அதே முன்வரிசையில் இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். ரூனே காலைத் தூக்கிக் காட்டட்டும், வெள்ளைக்காரர் கை தட்டட்டும், நான் அவர்களை முறைத்துக்கொண்டிருப்பேன், அதற்குச் சத்தம் தேவையில்லை. ஆனால் பந்து அபியின் கைக்கு வருகிற நேரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன். அடிக்கிறதோ ஓடுகிறதோ, அந்தச் சொல் அவளுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனிசி,
அபியின் அம்மம்மா