அழிக்கவா என்று கேட்கிறது

இர்விங், டெக்சஸ்
14.9.2008

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். வேலைக்காகத் தங்கியிருக்கும் பிளசன்டன் ஹோட்டலில் விடியுமுன் சஹருக்கு ஏதாவது கிடைக்கிறதா? போன வருஷம் மாதிரி பிரெட்டும் வாழைப்பழமும் வைத்து ஒப்பேற்றாதீர்கள்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப் என் உயிரை வாங்குகிறது. வைரஸ் புகுந்து விண்டோஸ் கிளம்பவில்லை, சரி. லினக்ஸ் போடலாம் என்றால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. நான்கு நாளாக இதே பாட்டு. மூன்று சிடி வீணாகிவிட்டது. இந்த ஏப்ரலில் எச்-ஒன் வேலை விசா லாட்டரியில் என் பெயர் விழவில்லை என்று சொன்னீர்களே, அடுத்த ஏப்ரலுக்குள் சென்னையில் மூன்று வருஷம் பார்த்த லினக்ஸ் வேலை மறந்துவிடக் கூடாது என்றுதான் இந்தப் பாடு.

வெள்ளிக்கிழமை ஜுஹைர் அண்ணனும் ஆஃபீஃபாவும் நோன்பு திறக்க வந்தார்கள். கஞ்சி குடித்த கையோடு அண்ணன் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார். டிஸ்க் போய்விட்டது, புதுசு வாங்கு என்றார். போன டிஸ்க்கின் பெயர், மெஷின் கிளம்பும்போது வரும் பயாஸ் திரையில் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். வடை நன்றாக இருக்கிறது என்றார்.

இன்று நானே பயாஸில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்தேன். டிஸ்க்கை இணைக்கும் சாட்டா என்ற வரியைப் பழைய முறைக்கு மாற்றியதும் டிஸ்க் முழுசாக வந்து நின்றது! கைதட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை.

உள்ளே ஒன்றுமில்லை, அழித்துக்கொள் என்று சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் பார்க்காமல் அழிக்க எனக்குக் கை வராது, வேலையில் வந்த பழக்கம். என் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. நான் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எச்-ஒன் ஃபாரம், ஸ்கேன் செய்தபடியே. கூடவே எனக்காக விசாவுக்கு விண்ணப்பிக்க இருந்த கம்பெனிக்காரர் அனந்தராமன் உங்களுக்கு அனுப்பிய மெயில். மூன்று தடவை கேட்டும் ஃபாரம் வரவில்லை, அதனால் உங்கள் மனைவிக்கு விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். தேதி ஏப்ரல் நான்கு.

போகாத பெயர் எப்படி மச்சான் விழும்? என் நேரம் சரியில்லை என்று எத்தனை நாள் அழுதேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தீர்கள்.

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று ஸ்கிரீன் கேட்டுக்கொண்டே நிற்கிறது. நான் எதையும் அழுத்தவில்லை. பெருநாளைக்கு வந்து அந்த மெயிலை என் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். அதற்குப் பிறகு அழிப்பதா வைத்திருப்பதா என்று நான் சொல்கிறேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நோன்பை விட்டுவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்,
ருக்ஸானா