உப்புத்தண்ணீர்ப் போத்தல்கள்

2023 பெப்ரவரி 20, திங்கள்

கரண்ட் கட்டணத்தைத் திரும்பவும் கூட்டிவிட்டார்கள். எங்களுக்குப் பழைய பில்லே கட்டி முடியவில்லை. இன்றைக்குச் சிவப்பு நோட்டீஸ். கட்டாவிட்டால் லைனை வெட்டுவார்களாம்.

இறால் பண்ணை முதலாளிக்கும் இதே கதைதான். குளத்துக்குக் காற்றடிக்கிற மோட்டர்களை ஓட்டக் கட்டுப்படியாகாது என்று குளங்களைக் காயவிட்டார். மோட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் காய்கிறேன். எலெக்ட்ரிகல் டிப்ளோமா வைத்திருக்கிறேன். அதைப் போட்டு அடுப்பெரிக்கலாம்.

பின்னேரம் உம்மா வெறுங்காதோடு வந்தார். தோட்டை அடகு வைத்துப் பில்லைக் கட்டிவிட்டார்.

“இனி வைக்கிறதுக்குக் காதுதான் மகன் இரிக்கி” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 22

வீட்டில் ஒவ்வொன்றாக நிப்பாட்டி மீட்டரைப் பார்த்தேன். பல்ப், மின்விசிறி, தண்ணி மோட்டர் எல்லாம் சில்லறை. தின்பது பிரிஜ். வாப்பா மௌத்தாவதற்கு முன் பழையதாக வாங்கிப் போட்டது. உப்புக் காற்றில் அடி துருப்பிடித்து, கதவு ரப்பர் வெடித்து, இரவும் பகலும் முனகிக்கொண்டே கிடக்கிறது.

விற்றுவிடுவோம் என்றேன்.

“விக்கலாம். ஸுலைஹாட மருந்த எங்க வைக்கிற? உன்ட தலைக்குள்ளயா? அதுக்குள்ளயும் சூடுதான்.”

உம்மா சொன்னது சரிதான். ஸுலைஹா சாச்சி பக்கத்து வீடு. தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து துரத்தியபோது உம்மாவோடு ஒரே வள்ளத்தில் வந்தவர். எனக்குச் சொந்தச் சாச்சி இல்லை, இவர்தான். அவர் வீட்டு லைனைப் போன வருசமே வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய இன்சுலின் எங்கள் பிரிஜ் கதவில். கிளினிக்கில் ஒரு குப்பி எடுப்பதற்கே விடியவிடிய வரிசை. அது கெட்டால் வேறு இல்லை.

ஆக, பிரிஜ் இருக்க வேண்டும். கரண்ட் குறைய வேண்டும். சரி. இது கணக்கு. கணக்குக்கு விடை இருக்கும்.

பெப்ரவரி 27

ரப்பர் மாற்றினேன். பின்பக்கக் குழாயில் அடைந்திருந்த தூசைச் சுரண்டினேன். கொஞ்சம் குறைந்தது. போதாது.

பொழுதுசாயும் மஃரிபிலிருந்து காலை வரை முழுக்க நிப்பாட்டினால்? பகலில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து, இரவில் கீழ்த்தட்டில் வைத்தேன். விடியும்போது உருகி, வெறும் தண்ணீர். தோல்வி.

மார்ச் 1

விளங்கிவிட்டது! உப்பு!

வெறும் ஐஸ் பூச்சியத்தில் உருகும். உப்புத்தண்ணீர் ஐஸ் அதைவிட எவ்வளவோ கீழே உருகும். ஐஸ்கிரீம்காரனுக்குத் தெரிந்தது எனக்கு இவ்வளவு நாள் ஓடவில்லை. பாலாவி உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்புக்கா பஞ்சம்?

போத்தல்களில் உப்பைக் கரைத்து அடைத்துக்கொண்டிருந்தபோது சாச்சியின் மகள் ஷிம்லா, எனக்குத் தங்கச்சி மாதிரி, வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன நானா, பிரிஜ்ஜக் கருவாடு போடுறீங்களா?”

“நீ போய்ப் புள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா படிப்பி.”

“படிப்பிக்கத்தான் போறன். உங்களுக்கும் ஒரு கதிரை போடவா?”

வாயாடி.

மார்ச் 3

விடியற்காலையிலும் போத்தல் கல்லு மாதிரி. தொட்டால் விரல் ஒட்டுகிறது. வென்றேன்.

சாச்சியின் குப்பியைக் கதவிலிருந்து எடுத்து, போத்தல்களுக்கு நடுவில் நானே வைத்தேன். இருப்பதிலேயே குளிர்ந்த இடம். உம்மாவிடமும் சொல்லிவிட்டேன், இனி இங்கேதான், இடம் மாற்றக்கூடாது, கதவைச் சும்மா சும்மா திறக்கவும் கூடாது.

மார்ச் 18

மீட்டர் ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். பாதிக்கு மேல்!

உம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சாச்சி என் தலையைத் தடவி, “ஒனக்குப் பெரிய வேலை கிடைக்கும் மகன், அல்லாஹ் தருவான்” என்றார். வெகுநாளைக்குப் பிறகு நானும் ஒரு மனிசன் என்று தோன்றியது.

மார்ச் 24, வெள்ளி

றமழான் தலைநோன்பு. பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியும் சாச்சி பிடித்திருக்கிறார். யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

ஏப்ரல் 2

சாச்சி மெலிந்துவிட்டார். இரவெல்லாம் தண்ணீர், தண்ணீர் என்கிறாராம். காலில் சிப்பி வெட்டிய காயம் ஆறாமல் கறுத்திருக்கிறது. “ஊசி ஒழுங்காப் போடுறாங்களா?” என்று ஷிம்லாவைக் கேட்டேன். “நான்தானே போடுற” என்று எரிந்து விழுந்தாள்.

ஏப்ரல் 9

ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய சாச்சி விழுந்துவிட்டார். நினைவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். சீனி மெஷினில் இலக்கமே காட்டவில்லை, அவ்வளவு கூட.

நோன்பால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிடிவாதம். சொன்னால் கேட்டால்தானே. நானும் சொன்னேன்.

ஏப்ரல் 10

நோன்பு பிடித்தால் சீனி இறங்கும். விழுந்தால் அதனால் விழ வேண்டும். இவ்வளவு ஏறுவது எப்படி? ஊசி தவறவில்லை என்கிறாள். அப்படியென்றால் மருந்து—

பிரிஜ்ஜைத் திறந்து குப்பியை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். பால் மாதிரி இருக்க வேண்டியது, திரிந்து போயிருந்தது. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

உம்மாவைக் கேட்டேன்.

“ஓம், காலைல எடுக்கக்குள்ள கல்லு மாதிரி இரிக்கும். ஜன்னல் வெயில்ல கொஞ்சம் வெச்சு, இளகினதும் ஷிம்லாட கைல குடுப்பன். நல்லாக் குளிர்ந்திரிக்கி எண்டு சந்தோசப்பட்டேன் மகன்.”

சந்தோசப்பட்டாராம்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது, உறையவிட்ட இன்சுலினைப் பாவிக்கக்கூடாது என்று. பொடி எழுத்து, இங்கிலீஷ், ஆனாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். மீட்டரை நாளுக்கு நாலு தரம் வாசித்தவனுக்கு இதை வாசிக்க நேரமில்லை. வெறும் தண்ணீரை வைத்திருந்தால்கூட இப்படி உறைந்திருக்காது. உப்புப் போட்டது நான். நடுவில் வைத்தது நான். என்னத்தைப் படிச்சுக் கிழிச்சேன்?

ஏப்ரல் 11

யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

ஆஸ்பத்திரியில் புது மருந்து ஏற்றுகிறார்கள். சீனி இறங்குகிறது. கால் இறங்கவில்லை, கறுப்பு முழங்காலை நோக்கி ஏறுகிறது. பள்ளிவாசலில் ஒருவர் என் தோளில் கை போட்டு, “கேட்டீங்களா, இந்தப் பொம்புளைங்கட பிடிவாதத்தால...” என்றார். தலையாட்டினேன். ஆட்டினேன்! எவ்வளவு லேசாக ஆடுகிறது இந்தத் தலை.

ஏப்ரல் 17

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 19

ஷிம்லாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில், அவள் சாப்பாட்டுப் பையோடு நின்றபோது. உப்பு, போத்தல், குப்பி, உறைந்தது, எல்லாம். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு வளைக்கத் தெரியாது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“உள்ளுக்குப் போய்ப் பாருங்க. நோன்பு பிடிச்ச குத்தத்துக்கு அல்லாஹ் தண்டிச்சிட்டான் எண்டு எங்கட உம்மா அழுதுக்கிட்டிரிக்கிறா. ஒவ்வொரு தொழுகைலயும் மன்னிப்புக் கேக்கிறா.”

பிறகு, “போய்ச் சொல்லுங்க நானா. எனக்கிட்ட இல்ல. அவட்ட சொல்லுங்க.”

போனேன். சொன்னேன். சாச்சி போர்வையைப் பார்த்தார், கால் இல்லாத பக்கத்தை.

“அப்ப அல்லாஹ் கோவிக்கல்லையா?” என்றார்.

“இல்ல சாச்சி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஏப்ரல் 22

பெருநாள். உம்மா வட்டிலப்பம் செய்யவில்லை. நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டு விளக்குகள் வழமைபோல எரிகின்றன.

மே 6

சாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வார்ட்டில் சொல்லிக் கொடுத்தார்களாம்: பெரிய மண்சட்டியில் மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் குப்பி. மணல் ஈரமாக இருந்தால் போதும், ஒரு மாதம் தாங்கும். கரண்ட் தேவையே இல்லை.

எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. தூ.

மே 7

உம்மா பிரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். முனகல் நின்ற வீட்டில் அவர் மூச்சுவிடுவதும் கேட்கிறது.

மே 29

மீட்டர் பார்க்கிறவர் வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் தட்டிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“தம்பி, இந்த வீட்டில ஆக்கள் இரிக்கிறீங்களா?”

ஓம் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

அவர் போனதும் சாச்சி வீட்டுக்குப் போனேன். ஷிம்லா பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாச்சி நித்திரை. மருந்துச் சட்டிக்குள் விரலால் தொட்டுப் பார்த்தேன், மணல் காய ஆரம்பித்திருந்தது. ஒரு கோப்பை தண்ணீர் எடுத்து, குப்பியில் படாமல், சுற்றி ஊற்றினேன்.

“ஆரு அது?” என்றார் சாச்சி, கண்ணைத் திறக்காமல்.

“முபாரிஸ்.”

கோப்பையைச் சரித்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

“கூட ஊத்திராத” என்றார்.