பின்கதவில் ஒரு பச்சைக் கோடு

என் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாசமாகிறது. வீட்டில் எல்லாரும் நலம். எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மண்டை குழம்பிக் கிடக்கிறது. கேட்கவும் உன்னைத் தவிர ஆளில்லை.

உன் பெண் நிவேதாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. புதன்கிழமை காட்பாடியில் ரயிலேற்றிவிட வேண்டும். "மாமா, அம்மா கார்லயே போலாம். ஆனா அம்மா தொடச்சி வச்ச மாதிரி பளபளன்னு இருக்கணும்" என்றாள்.

நீ போனதிலிருந்து உறை போட்டு மூடியே கிடந்த உன் மெரூன் காரை ஞாயிற்றுக்கிழமை கழுவி, வேப்பமர நிழலில் நிறுத்தினேன். வெயிலில் பாலிஷ் போட்டால் திட்டுத்திட்டாகக் காயும் என்று நீ கத்துவாயே. கடையில் கேட்டு வாங்கிய பாலிஷைத் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பானெட் நன்றாகவே வந்தது. இடது பின்கதவுக்கு வந்தபோதுதான் துணியில் மெரூன் மெழுகு அப்பிக்கொண்டு வந்தது. மெழுகுக்கு அடியில் முழ நீளத்துக்கு ஒரு கீறல். கீறலுக்குள் பச்சை பெயின்ட். நம் வீட்டு கேட்டின் பச்சை, அக்கா.

மூன்று வருஷத்துக்கு முன் நீ ஷிப்டுக்குப் போயிருந்தபோது, காரை ரிவர்ஸ் எடுத்து கேட்டில் உரசியவன் நான்தான். உன்னிடம், "பஸ் ஸ்டாண்டாண்ட நிறுத்தியிருந்தேன், எவனோ இடிச்சிட்டுப் போய்ட்டான்" என்றேன். "எவன்டா அவன், கண்ணு தெரியாத கழுதை!" என்று நீ ஒரு வாரம் திட்டினாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பிறகு கீறல் காணாமல் போனது. மெக்கானிக்கிடம் கொடுத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில், தோலில் கீறல் இருந்தால் அதே நிற மெழுகை வைத்து நிரப்பித் தேய்த்துப் பெட்டியில் போட்டு அனுப்புவதுதானே உன் வேலை. அதற்காகக் காரையும் ஷூ என்று நினைத்துவிட்டாயா? வெயிலுக்கும் மழைக்கும் அந்த மெழுகு எத்தனை நாள் தாங்கும்? ஞாயிறுதோறும் காரைத் துடைக்கையில் அந்தக் கதவுக்கு வந்ததும், "போய் டீ வாங்கியாடா" என்று என்னை விரட்டுவாயே, அது இதற்குத்தானா?

மெழுகு வைத்த உனக்கு அந்தப் பச்சை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துமா என்னிடம் சாவியைக் கொடுத்தாய்? என் எதிரிலேயே திட்டியது என் வாயைப் பிடுங்கவா? இல்லை, நிஜமாகவே யாரென்று தெரியாமல் திட்டினாயா? எப்படி யோசித்தாலும் பிடிபடவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயோ என்று நினைத்தால்தான் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம்.

நிவேதா வந்து பார்த்தாள். "இன்னா மாமா இது? எப்டி ஆச்சு?"

"எவனோ..." என்று பழைய பொய்தான் முதலில் வந்தது. நிறுத்திக்கொண்டேன். "நான்தாம்மா இடிச்சேன். உங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியலையேம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி அடுத்த கதவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

உன் மெழுகு டப்பா டிக்கியில் பாதி மிச்சம் இருக்கிறது. அதைத் தொடவில்லை. அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு வண்டி முழுக்க பாலிஷ் போட்டோம். புதன்கிழமை பச்சைக் கோட்டோடுதான் காட்பாடிக்குப் போவோம். இனி யார் கேட்டாலும் நான்தான் என்று சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
அந்தக் கண்ணு தெரியாத கழுதை,
உன் தம்பி குமார்.