நீங்க அவிய இல்ல

ராஜபாளையம்
14.3.1989

மாப்பிள்ளை ராஜரத்தினத்துக்கு,

இங்கு நானும் உன் அக்கா முத்துப்பேச்சியும் பிள்ளை இருளம்மாளும் நலம். நீ நலமா என்று கேட்க மனசு வரவில்லை.

டி.வி.யில் வருகிற விஞ்ஞானத் தொடரில் இந்த ஞாயிறு நீ எழுதிய நாடகம் என்றதும், பக்கத்து வீட்டில் தெருவே கூடிவிட்டது. என் மச்சினன் எழுதியது என்று பெருமையாக நானும் முன்னால் போய் உட்கார்ந்தேன். வேறு நட்சத்திரத்திலிருந்து வந்த ஒருவன், செத்துப்போன சிப்பாயின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே வருகிறான். பூட்ஸோடு தூங்குகிறான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். வந்தது தன் புருஷன் இல்லை என்று பெண்டாட்டி கண்டுபிடித்து, "நீங்க அவிய இல்ல" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். அவன் மழையில் நிற்கிறான். அதோடு முடிந்தது.

நான் பட்டாளத்தோடு இலங்கைக்குப் போய்த் திரும்பி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பூட்ஸோடு தூங்குகிறவன் இந்தத் தெருவில் வேறு யார்? நாடகம் முடிந்ததும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உன் அக்கா தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனாள்.

எதற்காக இப்படிச் செய்தாய்? பதில் எழுது.

சிவனாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.3.1989

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு நல்ல வார்த்தை எழுதுவீர்கள் என்று பிரித்தேன். விசாரணை நடத்தியிருக்கிறீர்கள்.

தமிழில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று எங்கெங்கிருந்தோ கடிதம் வருகிறது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர் வீடு தேடி வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். சொந்த மச்சானுக்கு மட்டும் வயிறு எரிகிறது.

சிப்பாய் என்றால் நீங்கள் ஒருவர்தானா? நம் பக்கத்தில் தெருவுக்குப் பத்துப் பட்டாளத்துக்காரர். வானத்திலிருந்து இறங்கியவனைப் பார்த்து 'அது நான்தான்' என்று சண்டைக்கு வருகிற ஆள் நீங்கள்தான். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராஜரத்தினம்


ராஜபாளையம்
6.9.1993

ராஜரத்தினத்துக்கு,

நாலு வருஷமாக உனக்கும் எனக்கும் பேச்சில்லை. கல்யாணம் காட்சியில் பார்த்தாலும் ஒதுங்கித்தான் போகிறோம். ஆனால் உன் வசனம் மட்டும் ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் பழைய டிக்கெட்டைக் காட்டினால் கண்டக்டர் "நீங்க அவிய இல்ல" என்கிறார். ஓட்டுக் கேட்டு வந்தவர் படத்துக்குக் கீழே அதைத்தான் எழுதி வைத்தார்கள். நாடகத்தைப் பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் வாட்ச்மேன் வேலை பார்க்கிற மில்லில் அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஷிப்டுக்கு வருகிற பையன்களிடம் கார்டு கேட்டால், என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். போன வாரம் இருளம்மாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "அப்பா, நீங்க நெசமாவே எங்க அப்பாதான?" என்று கேட்டாள். உன் மருமகள் கேட்டாள்.

கிருஷ்ணன்கோவில் காலேஜில் அதை மேடையில் போடப்போகிறார்களாம். உனக்கு மாலை மரியாதையாம். சந்தோஷம். அங்கே மைக்கில் ஒரே ஒரு வார்த்தை சொல். இது எந்த மனுஷனையும் வைத்து எழுதியதில்லை என்று சொல். உன்னிடம் நான் கேட்பது இதுதான்.

சிவனாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.9.1993

மச்சானுக்கு,

மேடையில் நான் என்ன பேச வேண்டும் என்று மில் கேட்டிலிருந்து உத்தரவு வருகிறது. நல்லது.

சும்மா இருந்தவனைச் சீண்டிவிட்டீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டாளத்திலிருந்து வந்த மாசம் அக்கா இங்கே வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து அப்படி அழுதாள். "வந்திருக்கது அவிய இல்லடா" என்றாள். பூட்ஸும் சுவரும் அவள் சொன்னவைதான். ஊர் வாயை அடைக்கக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் கேளுங்கள்.

ராஜரத்தினம்


ராஜபாளையம்
17.10.1993

திரு. ராஜரத்தினம் அவர்களுக்கு,

கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஆமா, நாந்தான் சொன்னேன். நீங்க வந்த புதுசுல எம்புட்டுப் பயந்து கெடந்தேன் தெரியுமா? கூடப்பொறந்தவங்கிட்டச் சொல்லாம யார்ட்டப் போயிச் சொல்ல? அழுதுட்டு அன்னைக்குச் சாயங்கால பஸ்லயே வீட்டுக்கு வந்துட்டேன்ல? நாடகத்துல கதவச் சாத்துனது நானா, அவனா?"

எனக்குக் கோபம் வரவில்லை. இலங்கையிலிருந்து வந்தது பழைய ஆள் இல்லை என்று எனக்கும் தெரியும். அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலேஜ் நாடகத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்திருந்தோம். கடைசி வரிசையில் இருந்தோம். நீ கவனித்திருக்க மாட்டாய். அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வசனத்தைச் சேர்ந்து கத்தினார்கள். உன் அக்கா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முடிந்த பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "சார், இந்த வசனம் உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"முழுக்க என் கற்பனை. ஒரு பெண்ணின் மனசுக்குள்ளே போய்ப் பார்த்தேன்" என்றாய்.

எனக்கு எழுதும்போது அடுப்படி. அந்த மாணவிக்குச் சொல்லும்போது கற்பனை.

முத்துப்பேச்சி என் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க, போவோம்." பஸ் ஸ்டாப்பில் "அழுதது நான். அதுவும் என்னுது இல்லங்கான்" என்றாள்.

இருளம்மாள் போன வாரம் வயசுக்கு வந்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை சடங்கு. எப்படியிருந்தாலும் தாய்மாமன் நீ, நீதான் முதல் மாலை போட வேண்டும், பழசை விட்டுவிட்டுச் சொல்லியனுப்புவோம் என்று நான்தான் சொன்னேன். உன் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய பெரியப்பா மகன் தங்கச்சாமி மாமன் முறைக்கு நின்று சீர் செய்கிறான். சேலை எடுத்தாகிவிட்டது.

"யாராவது சொல்லிக் கேட்டு வந்து நிப்பான். வர வேண்டாம்னு எழுதிருங்க" என்றாள்.

இதை அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். என் கையெழுத்துக்குக் கீழே அவளும் போடுகிறாள்.

சிவனாண்டி
சி. முத்துப்பேச்சி