காற்புள்ளிக்கு முன்னால் அப்பா

மார்ச் 4

குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றினேன். மதியம் மகள் வந்தாள். அலுவலகத்தில் வேலை இல்லாத நேரத்தில் கணினியில் என் பெயரைத் தேடிப் பார்த்தாளாம். மக்கள் இப்படியும் பொழுதைப் போக்குகிறார்கள்.

"அப்பா, உங்க பல்லிக் கட்டுரையை யாரோ ஆராய்ச்சியில எடுத்துக் காட்டியிருக்காங்க" என்றாள்.

நான் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. மின்பெட்டிக்குள் பல்லிகள் ஏன் புகுந்து சாகின்றன என்பதைப் பற்றி. வயர்மேனாக இருந்த காலம் முழுவதும், திறந்த பெட்டிகளில் கருகிக் கிடந்ததையெல்லாம் குறித்து வைத்து, ஓய்வு பெற்றபின் எழுதியது. ஒரு சின்ன அறிவியல் இதழ் போட்டது. அதை யாரும் படித்ததாக இன்றுவரை எனக்குச் செய்தி இல்லை. என் மனைவி பாதி படித்தாள்.

மகள் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ஆதாரப் பட்டியல். கட்டுரைத் தலைப்பு என்னுடையது. இதழ் சரி, பக்க எண் சரி. ஆள்தான் நான் இல்லை. அப்பா.

அப்பா பெயர். ஒரு காற்புள்ளி. அப்புறம் என் பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி.

பல்லிகளைப் பற்றி எழுதியது அப்பாவாம். நான் அவருக்கு இனிஷியலாம்.

மார்ச் 5

எப்படி நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். இனிஷியலை விரித்துக் கொடுங்கள் என்று அன்று இதழாசிரியர் கேட்டார். அடையாள அட்டையில் உள்ளபடி கொடுத்தேன்: முதலில் என் பெயர், பின்னால் அப்பா பெயர். கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர் என்று நினைக்கிறவர்கள் அதைப் பிடித்து முன்னால் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. குடும்பமே இருந்ததா என்பது வேறு கேள்வி.

அஞ்சாம் வகுப்புப் பாதியிலேயே என்னை நிறுத்தியவர் அவர். ரெண்டு பேரைப் படிக்க வைக்க முடியாது என்று சொல்லி அண்ணனை மட்டும் அனுப்பினார். அண்ணன் கல்லூரி ஆசிரியராகி ஓய்வு பெற்றார். நான் செய்தித்தாளையும், கம்பிச் சுருள் வாங்கும்போது கிடைத்த விளக்கத் தாள்களையும் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டேன்.

வாழ்நாளில் ஒன்று எழுதினேன். அதையும் அவர் எடுத்துக்கொண்டார். செத்து இத்தனை வருடம் கழித்து!

மார்ச் 9

அண்ணன் தொலைபேசியில்.

"டேய், என் பழைய மாணவன் ஒருத்தன் கேட்டான். சார், நீங்க பல்லியப் பத்தியெல்லாம் எழுதுவீங்களான்னு."

அண்ணன் பெயருக்கும் என் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றுதான். அப்பா பெயரோ இருவருக்கும் பொது. அந்தப் பட்டியல்படி அது அண்ணனாகவும் இருக்கலாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன்."

"சிரிச்சா என்ன அர்த்தம்?"

"சிரிச்சேன்னு அர்த்தம்டா."

"நான் இல்லை, என் தம்பின்னு சொன்னீங்களா?"

"பேச்சு வேற பக்கம் போயிடுச்சு."

ரிசீவரை வைத்துவிட்டேன். பல்லி செத்துக் கிடந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் மனிதர்.

மார்ச் 12

நூலகத்தில் மேற்கோள் வழிகாட்டி ஒன்று இருந்தது. தடித்த புத்தகம். ஆய்வுக் கட்டுரையில் அடுத்தவர் சொன்னதை எப்படிக் காட்டுவது, பட்டியலில் எதை முதலில் எழுதுவது, எங்கே புள்ளி, எங்கே சாய்வெழுத்து. வீட்டுக்குத் தரமாட்டோம் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து படித்தேன்.

நல்ல புத்தகம். யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆள் எழுதியது. ஒரு கருத்து உன்னுடையது இல்லையென்றால் யாருடையது என்று சொல். சொற்களை மாற்றி எழுதினாலும் சொல். ஆதாரத்தை நீயே பார்த்திருக்க வேண்டும், பார்த்தவன் சொன்னதை வைத்து எழுதாதே. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் படிக்கும்போது, இதைத்தானே நானும் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

கடைசியில் தேடியது கிடைத்தது. குடும்பப் பெயர் வழக்கம் இல்லாதவர்களை அவர்களுடைய சொந்தப் பெயராலேயே குறிக்க வேண்டும். தலைகீழாக்கக் கூடாது. பக்க எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 13

ஆராய்ச்சிக்காரருக்குக் கடிதம் எழுதினேன். மகள் மின்னஞ்சலாக அனுப்பினாள். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "திட்டுற லெட்டர்ல கூடப் பக்க எண் போட்டிருக்கீங்களே" என்றாள்.

திட்டவில்லை. சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

மார்ச் 20

ஆராய்ச்சிக்கார அம்மா அழைத்தார். வயது அதிகம் இருக்காது, குரலில் தெரிகிறது.

"சார், ரொம்ப மன்னிச்சிடுங்க. மென்பொருள் தானா கடைசிச் சொல்லை எடுத்துக்கும். நான் கவனிக்கல."

"மென்பொருளுக்கு நீங்க சொல்லலாமே."

"சொல்லியிருக்கணும் சார். தப்பு என்னுதுதான்."

உடனே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் இன்னும் நாலு வாதம் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் வீண்.

அவருடைய ஆராய்ச்சி வந்த இதழில் அடுத்த முறை திருத்தம் போடுவார்களாம். அதோடு, இந்த ஆராய்ச்சியில் எப்படி இறங்கினேன் என்று இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு கேட்டார். என் பெயரில். பட்டியல் முறைப்படி இருக்க வேண்டுமாம்.

"முறைப்படி இல்லாம வேற எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

மார்ச் 24

குறிப்பை அனுப்புவதற்கு முன் கணினியில் பெயரைப் பதிய வேண்டும். நேற்று முன்தினம் உட்கார்ந்தோம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் சிவந்துகொள்கிறது. புள்ளி வைத்தோம். அதற்கும் சிவந்தது. மகள் பொறுமை இழந்து இரண்டு கட்டத்திலும் என் பெயரையே தட்டினாள். வாங்கிக்கொண்டது.

"இப்ப நீங்க ரெண்டு பேர்ப்பா."

"ஒருத்தரையே சமாளிக்க முடியல" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

எனக்குச் சம்மதமில்லை. அழிக்கச் சொன்னேன். ஆராய்ச்சிக்காரர் இதழாசிரியரிடம் பேசி, என் பெயர் மட்டும் தனியாக வரும்படி செய்தார். இதற்கே நாலு நாளாயிற்று என்று எழுதச் சொல்கிறாள் மகள். இல்லை. இரண்டு நாள்.

ஏப்ரல் 2

வீட்டில் என்மேல் புகார். எதைச் சொன்னாலும் யார் சொன்னது என்று கேட்கிறேனாம். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர் என்றாள் மனைவி. எப்போது, யாரிடம் என்றேன்.

"உங்ககிட்டதான். பக்கத்துல நான் உக்காந்திருந்தேன்."

ஞாபகம் இல்லை. எழுத்தில் இருந்தால் காட்டலாம்.

ஏப்ரல் 6

குறிப்பு முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். முக்கியமான வாக்கியம் வந்ததும் நிறுத்திப் படித்தேன்: "வெளிச்சத்துக்காகவோ பூச்சிக்காகவோ அல்ல, சூட்டுக்காகவே பல்லி பெட்டிக்குள் வருகிறது என்பதை முதன்முதலில் கவனித்தவன் நான்."

"இது உங்கப்பா சொன்னதாச்சே" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. கல்யாணமான புதுசுல. ஃபியூஸ் போன அன்னிக்கு."

"அதுக்கு ஆதாரம்?"

"நீங்கதான் ஆதாரம். சட்டைய நகர்த்துங்க, அதுமேல உக்காந்திருக்கீங்க."

ஏப்ரல் 7

அவளுக்கு ஞாபகசக்தி அதிகம். அது ஆதாரம் ஆகாது.

ஏப்ரல் 8

நாளை அனுப்பவேண்டும். அனுப்பலாம்.

ஏப்ரல் 9

அனுப்பவில்லை.

சரி. எழுதிவிடுகிறேன். இங்கே எழுதினால் யாருக்கும் போகாது.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை. மற்றப் பிள்ளைகள் பையோடு ஒரு பக்கம் போனார்கள். நான் அப்பாவோடு இன்னொரு பக்கம் போனேன், அவர் வயர்மேனாக இருந்த ஆலைக்கு. வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். முதல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லி, இரண்டு கம்பிக்கும் நடுவில், கருகி. நான் பின்னால் நகர்ந்தேன். அப்பா ஸ்க்ரூ டிரைவரால் அதைத் தள்ளினார்.

"ராத்திரி குளிருக்குச் சூடு தேடி வந்திருக்கு. பூச்சிக்குன்னு சொல்லுவானுங்க. இல்ல. பூட்டின பெட்டிக்குள்ள ஏது பூச்சி?"

அவ்வளவுதான். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை. ஏன்பா என்னை மட்டும் நிறுத்துனீங்கன்னு நான் கேக்கவும் இல்ல. அவர் பல்லியப் பத்திச் சொன்னார். சொல்லிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிட்டார்.

அதை வைத்துத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேனா? எண்ணியது நான். நாள், நேரம், குளிர் எல்லாம் குறித்தது நான். ஆனால் முதல் வாக்கியம்—

ஏப்ரல் 10

மறுபடி நூலகம். ஏதாவது வழி இருக்கும் என்று தேடினேன்.

எல்லாருக்கும் தெரிந்த செய்திக்கு ஆதாரம் காட்டத் தேவையில்லை என்கிறது புத்தகம். நல்லது. பல்லி சூட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் எல்லாருக்கும் தெரிந்ததென்றால் என் கட்டுரை எதற்கு? யாருக்கும் தெரியாததென்றால் எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அரை மணி நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகர் வந்து, தூக்கம் வந்தால் வீட்டுக்குப் போகலாமே என்றார்.

இன்னொரு விதி. எழுதி வைக்காமல் வாயால் சொன்னதையும் காட்டலாம். சொன்னவர் பெயர், சொன்ன தேதி. வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறியில் வரும். பட்டியலில் வராது, படிக்கிறவர்கள் தேடி எடுக்க முடியாது என்பதால். சொன்னவர் உயிரோடு இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. நல்லவராக இருக்கவேண்டும் என்றும் இல்லை.

ஏப்ரல் 11

மகள் சொல்கிறாள்: "விடுங்கப்பா. அவர் பேரை எடுக்கத்தானே இவ்ளோ சண்டை போட்டீங்க? இப்ப நீங்களே கொண்டுபோய் வைக்கிறீங்க. யார் வந்து கேக்கப்போறா?"

"யார் கேக்கப்போறான்னுதான் அந்த மென்பொருளும் நினைச்சிருக்கும்."

"அது நினைக்காதுப்பா."

"அதுதான் நானும் சொல்றேன்."

ஏப்ரல் 12

"என்பதை முதன்முதலில் கவனித்தவன் நான்" என்று இருந்ததை அடித்தேன். அந்த இடத்தில் "என்று முதலில் ஒருவர் சொல்லக் கேட்டு, பின்பு எண்ணிச் சரிபார்த்தேன்" என்று எழுதினேன். அடைப்புக்குறிக்குள் அப்பா பெயர் முழுதாக, அவருடைய அப்பாவின் முதலெழுத்தோடு. வாயால் சொன்னதைப் புத்தகம் 'தனிப்பட்ட தொடர்பு' என்கிறது. கேட்கவே நன்றாக இல்லை. 'நேர்ப்பேச்சு' என்று போட்டேன். பிறகு தேதி: 1965 ஜனவரி 4.

எனக்கு இஷ்டமில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 21

ஆராய்ச்சிக்காரர் அழைத்தார். குறிப்பு பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு சந்தேகம்.

"சார், அறுபது வருஷத்துக்கு முன்னாடி பேசினது. நாள், மாசமெல்லாம் இவ்ளோ துல்லியமா போட்டிருக்கீங்க. உறுதியா தெரியுமா? வருஷம் மட்டும் போட்டாலும் ஒத்துக்குவாங்க."

"நாளோட போடணும்னு விதி."

"விதி சரிதான் சார். ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்."

"இருக்கு" என்றேன்.

"அப்படியே இருக்கட்டும் சார்" என்றார்.

மே 30

இதழ் வரவில்லை. தபால்காரரிடம் கேட்டேன். எந்த இதழ் என்றார். சொன்னேன். மின்கட்டணச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 18

வந்துவிட்டது. திருத்தம் ஐந்து வரி. பட்டியலில் என் பெயர் தனியாக இருக்கிறது, முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. காற்புள்ளிகள் எல்லாம் சரி. குறிப்பில் ஓரிடத்தில் சாய்வெழுத்து விட்டுப்போயிருக்கிறது. எழுதித் தெரிவிக்க வேண்டும்.

என் அப்பா வருகிற வரியை மட்டும் படிக்கச் சொன்னாள் மனைவி. படித்தேன். "அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

மகள் அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாள், என்னைக் கேட்காமல். மாலையில் அழைத்தார். மாணவனிடம் சொல்லிவிட்டாராம், எழுதியது என் தம்பி என்று. சரி என்றேன். வைக்கப்போனேன்.

"டேய், அந்தத் தேதி."

"தேதிக்கு என்ன?"

"திங்கக்கிழமை. ஸ்கூல் தொறந்த நாள்."

"ஆமா."

இருமினார். தொலைபேசியைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு உன் பையத்தான் நான் எடுத்துட்டுப் போனேன். என்னுது கிழிஞ்சிருந்துச்சு. உனக்கு இனிமே வேணாம்னு அம்மா குடுத்தாங்க. உள்ள உன் சிலேட்டு இருந்துச்சு. அதைத் தொடைக்காமயே வெச்சிருந்தேன், ரொம்ப நாளு."

இருவரும் ரிசீவரை வைக்கவில்லை.

இது எனக்குத் தெரியாது. வேறெங்கும் எழுதப்பட்டதாகவும் தெரியவில்லை. (அண்ணன், நேர்ப்பேச்சு, ஜூன் 18.)