ஆணியில் இல்லாத 217

மயிலாப்பூர்
12.2.1994

அன்புள்ள அண்ணா,

குளியலறை விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் அணைத்துவிடுவேன். "கம்ப்யூட்டரை விட்டுட்டுக் கரி வெட்டப் படிக்கிறவன் பேரை இந்த ஆத்துல எடுக்கப்படாது" என்று நேற்றும் சொன்னார். அம்மா மட்டும் மறந்துபோய் உனக்கும் சேர்த்து அரிசி களைகிறாள்.

இந்த செமஸ்டரில் ஒரு மாதம் சுரங்கத்துக்குள்ளேயே பயிற்சியாமே. 22ஆம் தேதி கணக்குப் பரீட்சை. அதற்குள் உன் பதில் வராவிட்டால் ஒரு கணக்கும் ஓடாது, சொல்லிவிட்டேன். வழக்கம்போல என் தோழி சகினா வீட்டு விலாசத்துக்கே போடு.

உன் நீரஜா

பயிற்சி முகாம்
18.2.1994

அன்புள்ள நீரு,

இறங்கும்போது எண் போட்ட பித்தளை வில்லையை ஆணியிலிருந்து எடுத்துக்கொள்வோம். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும். என் எண் 217. ஆணி காலி என்றால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், தேடி இறங்கிவிடுவார்கள். இத்தனை அக்கறையாக நம் வீட்டில்கூட யாரும் என்னைத் தேட மாட்டார்கள்!

என்னோடு இறங்கும் பாண்டுரங்கன் நொச்சிக்குப்பத்துக்காரர். "இன்னா நைனா, மைலாப்பூரு புள்ளைக்கு இருட்டு கண்டா பயமா கீதா?" என்று தினமும் வம்புக்கு இழுக்கிறார். அவர் மனைவி தேசம்மா அங்கே சாலையோரம் மீன் விற்கிறாளாம்.

தபால் கட்டும் நேரம். உன் பரீட்சைக்காக, மேலே வந்ததும் நேரே தபாலாபீசுக்கு ஓடிவந்து எழுதுகிறேன். சட்டைப் பையில் ஏதோ கிணுகிணுக்கிறது. நன்றாக எழுது.

அச்யுத்

2.3.1994

நீரு,

18ஆம் தேதி 217 என் பையிலேயே இருந்துவிட்டது. என்னைத் தேடி இறங்கினார்கள். கூரை சரிந்தது. பாண்டுரங்கன் திரும்பவில்லை.

படிப்பு இனி வேண்டாம். எங்கே போவேனென்று தெரியவில்லை. வீட்டில் சொல்லாதே. எழுதாதே.

அச்யுத்

மயிலாப்பூர்
3.4.1994

அன்புள்ள அண்ணா,

அன்று வில்லையை ஏன் மாட்ட மறந்தாய் என்று நீ எழுதவில்லை. ஆனால் என் பரீட்சைக்காக நீ ஓடிவந்து எழுதிய கடிதத்தின் மேல் முத்திரையில் அதே 18ஆம் தேதி இருக்கிறது. அவசரப்படுத்தியது நான்.

நேற்று டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு நொச்சிக்குப்பம் போனேன். தேசம்மா சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா பாப்பா, மீனு வோணுமா?" என்றாள். நான் யாரென்று சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அவரு தேடிப் போன புள்ளையோட தங்கச்சியா? அந்தப் புள்ள கெடச்சிட்சா பாப்பா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை" என்றேன், அண்ணா. உன் விடுதியிலிருந்து மார்ச்சில் நான் போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன.

இரவு அப்பா முன்னால் எல்லாக் கடிதங்களையும் வைத்தேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். உன் போட்டோவை அவரே சட்டத்திலிருந்து கழற்றினார். அதையும் எடுத்துக்கொண்டு விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

இதைக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாள். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

ஆணி காலி என்றால் தேடி இறங்குவார்கள் என்றாயே. அப்பா இறங்கியிருக்கிறார். கிடைத்துவிடு, அண்ணா.

நீரஜா