நல்ல நாளில் கொடுத்த நாய்

டீயை ஆற்றி முதல் டம்ளரை எனக்கே நீட்டிய அப்பாவுக்கு,

இல்லை, இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கட்டிப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை குரைக்கிறது. என்னைப் பார்த்த பிறகும் குரைக்கிறது. அது எதிர்பார்த்த ஆள் நான் இல்லை.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அடுத்த தீபாவளியும் வந்துவிட்டது.

போன தீபாவளிக்கு முந்தைய நாள், பொள்ளாச்சியில் வாங்கிய குட்டியைக் கூடையில் வைத்துத் துண்டு போட்டு மூடி, உடுமலை, மறையூர் என்று பஸ்ஸில் வந்தேன். மூணாறில் இறங்கி, சின்னக்கானலுக்கு ஜீப். வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா போன பிறகு தனியாக இருக்கும் அப்பாவுக்கு எவ்வளவு யோசித்து ஒரு பரிசு. உண்மையில் நான் யோசித்தது வேறு. பொங்கலுக்கு வர முடியாது, அதற்கடுத்த லீவுக்கும் சந்தேகம்தான். வராமல் இருப்பதற்கு ஈடாக ஏதாவது ஒன்றை அங்கே விட்டுவர வேண்டியிருந்தது.

"என்ன தாயி இது?"

"உங்களுக்குத் தொணைக்குப்பா."

கூடைக்குள் எட்டிப் பார்த்தீர்கள். "தொணையா? இது எத்தன நாள் லீவுல வந்திருக்கு?"

நான் சிரித்தேன். எனக்கு மூன்று நாள் லீவு.

பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அத்தை சிரிக்கவில்லை. "ஏ புள்ள, படிச்சுப் படிச்சு எல்லாத்தையும் மறந்துட்டியா? நம்ம லயத்துல நாய் வளக்கப்பிடாதுன்னு பேசி வச்சிருக்கோம்ல."

மறக்கவில்லை அப்பா. நம் தேயிலை எஸ்டேட் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. ஒரு வாசலில் நாய் இருந்தால் பத்து வாசலுக்கும் சிறுத்தை வரும். நான் ஆறாவது படிக்கும்போது மூன்று நாய்களை அடுத்தடுத்துத் தூக்கிப் போனது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அந்தப் பேச்சின்போது உங்கள் மடியில் உட்கார்ந்திருந்தவள் நான். தெரிந்துதான் வாங்கினேன். கடையில் அது என் விரலைச் சப்பியது. அவ்வளவுதான் காரணம்.

நீங்கள் அத்தையைக் கையமர்த்தினீர்கள். "விடு மதினி. நல்ல நாளும் அதுவுமா புள்ள கொண்டாந்தத வேண்டாம்னு சொல்லப்பிடாது."

இந்த வாக்கியத்தில்தான் நான் ஏழு மாதமாக நின்றுகொண்டிருக்கிறேன். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்திருந்தால் திட்டியிருப்பீர்கள். அதே கூடையோடு திருப்பி அனுப்பியிருப்பீர்கள். பண்டிகை உங்கள் வாயைக் கட்டிவிட்டது. வேட்டி வாங்கித் தந்திருந்தால், பிடிக்காவிட்டால் பெட்டிக்குள் வைத்து மறந்துவிடலாம். இது மறுநாள் காலையில் பசியோடு எழுந்தது. அதற்கு அடுத்த நாளும்.

அன்று எடுத்து ஸ்டேட்டஸில் போட்ட படம் என் போனில் இருக்கிறது. பலரும் பார்த்தார்கள், பலரும் இதயம் போட்டார்கள். இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்தபோது எப்படி நின்றீர்களோ அப்படித்தான் நிற்கிறீர்கள். கையில் குட்டி.

அதற்குப் பிறகு போனில் நான் எப்போதும் முதலில் கேட்டது நான் பெயர் வைத்த குட்டியைப் பற்றித்தான், "கோகோ எப்படி இருக்கு?" உங்களைப் பற்றி இரண்டாவதாகக் கேட்டேன். "இருக்கேன் தாயி." அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஏன் இருந்தது?

மீதியைப் பதினாறாம் நாள் அத்தை சொன்னார். அரிசி புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"மாசியிலயே நெஞ்சு வலின்னு மூணாறு டாக்டர்கிட்டப் போனாரு. தேனி பெரியாஸ்பத்திரில நாலு நாள் படுத்துப் பாக்கணும்னு சொல்லிட்டாரு. நாய யாருகிட்ட விடன்னு லயம் பூரா கேட்டாரு. என்கிட்டயும் கேட்டாரு. எங்க வீட்ல சின்னஞ்சிறுசுக இருக்கு, சிறுத்தை வந்தா யாரு பதில் சொல்ல? நா முடியாதுன்னுட்டேன்."

"ரோட்டுல விட்டிருக்கலாமே அத்தை."

"நானும் அதத்தான் சொன்னேன். புள்ள கேட்டா என்ன சொல்லன்னாரு. வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு ஃபேக்டரிக்குப் போவாரு. அது ஊளையிடும். ஆளாளுக்கு ஏசுவாக. வந்ததும் 'என்ன தாயி, சாப்ட்டியா'ன்னு கேட்டுட்டு உக்காருவாரு."

அதையும் தாயி என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

தேனிக்கு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, பங்குனியில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பியவர் வாசற்படியிலேயே விழுந்தீர்கள். நாலு நாள் அப்பா. என்னிடம் சொல்லியிருந்தால் வந்திருப்பேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வந்திருப்பேனா? அது தேர்வு நேரம்.

இங்கே வீட்டுக்கார அம்மா போன வாரம் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், இந்த நாயி உங்களுக்கு எதுக்குங்க? தீவாளிக்கு எம்பொண்ணு கோயமுத்தூருல இருந்து வர்றா. பேத்திக்கு நாயின்னா உசுருங்க. குடுத்தா குதிப்பா."

"உங்க பொண்ணுகிட்டக் கேட்டீங்களாம்மா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பிளாட்டு ஊடு. நல்ல நாள்ல முன்னால கொண்டுபோய் நிறுத்திட்டா என்னங்க பண்ணீருவா?" சிரித்தார். பிறகு சிரிக்காமல், "இல்லீன்னா நீங்க வேற ஊடு பாத்துக்கோணுங்க. அக்கம்பக்கம் பேசறாங்க" என்றார்.

சரிங்க என்றேன். ஆமாம் அப்பா, சொன்னேன். அன்றைக்கு அதைக் குளிப்பாட்டி, முடியைச் சீவிவிட்டேன். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். உங்களைப் பற்றிக்கூட அதிகம் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மா பின்பக்கம் நின்று மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மகள் குரல் வெளியே கேட்டது. குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீசில் லீவு இல்லை, உட்கார நேரமில்லை என்று ஏதோ. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வாயில் விரல் வைத்துக் காட்டினார். கெட்ட மனுஷி இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவர். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷம்.

அவர் போனை வைத்ததும் சொன்னேன். "குடுக்கலீங்கம்மா. வேண்டாம்னு சொல்ல முடியாத நாள்ல ஒருத்தருக்கு உசுரக் குடுக்கக் கூடாது. எங்கப்பாவாலயும் சொல்ல முடியல. அதுலயே போயிட்டாரு."

"நாயினால யாருங்க டீச்சர் சாவாங்க?"

நாயினால் இல்லைதான்.

அதன்மேல் எனக்குப் பிரியம் வரும் என்று வாக்குத் தர மாட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் ஏறாத தேனி பஸ்தான் கண்ணில் படுகிறது. அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயுசு இருக்கிறது. அந்த வருஷங்கள் என்னுடையவை. ஊசி தவறாமல் போடுவேன். இரண்டு வேளை சோறு வைப்பேன். யார் வாசலிலும், எந்த நல்ல நாளிலும் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன். இதுதான் என்னால் முடிந்த வாக்கு.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். அதற்குள் நல்லேப்பிள்ளியில் வயலை ஒட்டி ஒரு சின்ன வீடு கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாமான் ஆட்டோவில் நாயை என் காலடியில் உட்கார வைத்துக்கொண்டு அங்கே குடிபோனேன்.

உங்கள் ஒரே மகள்,
தமிழரசி